மரமேறி இல்லாத காடு

எங்கள் வடகோடி ஊரான கொர்பிவாராவில் ஜூன் மாதத்து வைகறை இருளிலிருந்து பிறப்பதில்லை. வெளுத்த வானம் சற்றே கண்ணயர்ந்து, பிறகு தன் விளக்கைத் தானே தூண்டிக்கொள்ளும். சதுப்பின் நடுவில் பெருங்கொக்குகள் கூவும். அக்கூவல் தணியுமுன் பழங்காட்டின் சிறுபுட்கள் ஒவ்வொன்றாய்த் துதி தொடங்கும். அப்படியொரு காலையில், எதிர்வீட்டு ஈவோவின் வாசற்படியில் ரப்பர் பூட்ஸ் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வீசப்பட்டு விழுந்த ஓசை, சாலைக்கு இப்பால் என் ஜன்னல்வரை கேட்டது. அது நல்ல ஓசையன்று. ஊர் ஆலயத்தின் பாடகனான நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி மாவ்ரா அடுப்பின் முன் நின்றிருந்தாள். ரை தானிய மாவை மெல்லிய இலையாகத் தேய்த்து, நடுவில் பால்சோற்றைப் பரப்பி, விளிம்புகளை விரல்நுனியால் கொசுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அப்பம். வெண்ணெயில் மசித்த முட்டை கிண்ணத்தில் தயாராக இருந்தது. ஈவோ உட்காரவில்லை. ஈரக் காலுறையோடு ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தான். அவன் நடந்த வழியெல்லாம் சதுப்புநீர் தரையில் பூத்திருந்தது.

"வாங்க பாடகரே, நீங்களே கேளுங்க. பழங்காட்டை ஒரு முனையிலேருந்து மறு முனை வரைக்கும் நடந்துட்டேன். குயில் இருக்கு. கரும் மரங்கொத்தி இருக்கு. பெருங்கொக்கு போடற சத்தத்துல பிரேதம்கூட எந்திரிச்சு உக்காரும். மரமேறிக் குருவி மட்டும் இல்லை. ஒண்ணுகூட இல்லை."

"காப்பி ஆறுது," என்றாள் மாவ்ரா.

"ஆறட்டும். போன வருஷமும் இல்லை, இந்த வருஷமும் இல்லை. உன் அண்ணன் எல்லையோரம் ரம்பத்தை வச்சான் பாரு, அன்னைக்கே சொன்னேன். கிழட்டு மரத்துப் பட்டைக்குப் பின்னாடி கூடு கட்டற பிறவி அது. மரத்தைச் சாய்ச்சா எங்கே போகும்? அவன் சவுனாக் குளியல் ரூம்லயா வந்து குடியிருக்கும்?"

"அவன் வெட்டினது அவன் சொந்த நிலத்துல."

"குருவிக்குப் பட்டா தெரியுமா?"

மாவ்ரா அப்பத்தட்டை அடுப்பினுள் தள்ளி இரும்புக் கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த கரண்டிகள் ஆடின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொர்பிவாராவில் மாவ்ரா ஒன்றும் சொல்லாதிருப்பது ஆலங்கட்டி மழையைப்போல அரிய நிகழ்வு. நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

ஈவோ முன்பு மரம் வெட்டியவன். மாவ்ராவின் அண்ணன் சாந்தெரியும் அவனும் ஒரே குழுவில், ஒரே கூடாரத்தில், பனியிலும் சேற்றிலும் இளமையைக் கழித்தவர்கள். பழங்காடும் சதுப்பும் காப்புநிலமானபின் மோட்டார் ரம்பத்தைத் தொங்கவிட்டுவிட்டு, ஆண்டுதோறும் ஜூனில் பறவைக் கணக்கெடுக்கும் பணியை ஈவோ தானே கேட்டு வாங்கிக்கொண்டான். கூலியில்லாத அந்தப் பணிக்காக அவன் பிற பணிகள் அனைத்தையும் ஒத்திவைப்பான்.

அந்தப் பணியில் கண்ணுக்கு வேலை குறைவு. அடர்ந்த ஊசியிலைக் கிளைகளுக்குள் விரலளவுப் பறவையை எவர் காண்பார்? கணக்கெடுப்பவன் தலைகுனிந்து, வேர் தடுக்காமலும் பலகைப் பாதை வழுக்காமலும் நடப்பான். அவன் காது மட்டும் மேலே பறந்து, கிளைகிளையாக அமர்ந்து வரும். ஈவோவின் மார்பில் இருநோக்கி தொங்கும். ஆனால் அதை அவன் கண்ணுக்கு உயர்த்தி நான் பார்த்தது அரிது. "கண்ணால பாக்கறவன் விருந்தாளி. காதால பாக்கறவன்தான் வீட்டுக்காரன்," என்பான்.

அவன் சொல்லுக்கு ஊரில் எடையுண்டு. அதனால்தான் வந்தது வினை. சென்ற இலையுதிர் காலத்தில், கூட்டுறவுக் கடை வாசலிலிருக்கும் நீளப் பெஞ்சில் ஊரார் காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், சாந்தெரியை நேருக்கு நேர் நிறுத்தி, "காட்டோட தொண்டையை நீதான் அறுத்தே," என்றான் ஈவோ. சாந்தெரி கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றுமுதல் அவனோடு படகேறுவாரில்லை. அவன் மனைவியின் நினைவு நாளுக்கும் மிகச்சிலரே சென்றனர். ஆலயத்தில் கடைசித் தூணருகில் தனியே நின்று, பாடல் முடியுமுன் வெளியேறிவிடுவான்.

மறுவாரம் நான் எங்கள் மரச் சிற்றாலயத்தில் இலியா தீர்க்கதரிசியின் திருநாளுக்கான பாடல்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். மாவ்ரா வந்தாள். சவுனா நீராவிக் குளியலில் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மரக் கிளைக்கட்டு கையில் இருந்தது. இலைவாசனை திருவுருவங்கள்வரை பரவியது. கட்டைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"பாடகரே, நான் ஒரு பாவம் பண்ணிக்கிட்டிருக்கேன். பாதிரியார்கிட்ட சொல்ல முடியாது. அவரு ஈவோகூட மீன் பிடிக்கப் போற மனுஷன்."

"என்ன பாவம்?"

"வாயை மூடிக்கிட்டிருக்கற பாவம். எனக்கு அது பழக்கமும் இல்லை."

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

"மரமேறி இருக்கு. அண்ணன் எல்லையில வெட்டாம விட்டான்ல, ஒரு வரிசை கிழட்டு மரம், அதுலயே இருக்கு. கிளை ஒடிக்கப் போனப்போ கேட்டேன். தலைக்கு மேல, ஊசியில நூல் கோத்து இழுக்கற மாதிரி சன்னமா பாடுது. அப்படியே நின்னுட்டேன். ஈவோ பின்னாலயே வந்தான். 'ஏன் நிக்கிறே?'ன்னான். குருவி பாடிக்கிட்டே இருக்கு, பாடகரே. அவன் என் கட்டைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு, 'பாத்தியா, எப்படி வெறிச்சுனு கிடக்கு'ன்னான்."

அவள் மெழுகுவர்த்தித் தட்டின் மணலில் விரலால் கோடிழுத்தாள்.

"தூபம் காட்டும்போது பார்த்திருக்கிறேன்," என்றேன். "கலசத்து மணி குலுங்கியதும் சபையே தலை குனியும். ஈவோ மட்டும் புகை முகத்தில் பட்ட பிறகுதான் குனிகிறான்."

"உங்களுக்கும் தெரியுமா?"

"பாடகர் மேடையில் நிற்பவனுக்கு எல்லார் தலையும் தெரியும்."

"நான் பேசறது கேக்குது. மோட்டார் படகு கேக்குது. கொசு மட்டும் காதுகிட்ட வந்து பாடினாக்கூட தெரியலை. 'இந்த வருஷம் கொசு கம்மி'ங்கறான், கழுத்தெல்லாம் தடிச்சிருக்கு." அவள் முகவாயைத் துடைத்தாள். "ரெண்டு விரல் போச்சு, அதை வச்சு ஜோக் அடிக்கிறான். முழங்கால் போச்சு, அதுக்கும் சிரிக்கிறான். காதைத் தொட்டா மனுஷன் என்ன ஆவான்? ஆனா அண்ணன் வீட்டை விக்கறான். திருநாள் ஆனதும் கையெழுத்துப் போட்டுட்டு மகன்கிட்ட நகரத்துக்குப் போறானாம். 'இங்க என் மூஞ்சியப் பாக்க யாரு இருக்கா?'ன்னு கேட்டான். நான் என்ன சொல்றது? ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷனோட காது. எதை நான் வெட்டறது?"

அவள் கட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். குருவியே சொல்லட்டும். நீங்க கூட வாங்க. தனியா அவன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை."

அடுத்த விடியலில் மூவரும் புறப்பட்டோம். மாவ்ரா மீன் அடைத்துச் சுட்ட ரொட்டியையும் காப்பிக் குடுவையையும் முதுகுப்பையில் வைத்துக்கொண்டாள். சதுப்பின்மேல் மூடுபனி முழங்காலளவு கிடந்தது. அதில் எங்கள் கால்கள் மறைந்து, நாங்கள் மிதந்து செல்வோர்போல் ஆனோம். சதுப்புச்செடிகளின் தலைவலி தரும் நறுமணம் எழுந்தது. ஈவோ முன்னால் நடந்தான். குயில் கூவியதும் விரலை உயர்த்தினான். மரங்கொத்தி அறைந்ததும் உயர்த்தினான். சன்னக் குரல்கள் பாடியும் அவன் உயர்த்தாத இடங்களில் மாவ்ராவின் தோள் ஒருமுறை அசைந்தது. பின்னால் வந்த எனக்கு அவ்வசைவே அந்தக் காட்டின் மறுபாதியாயிற்று.

எல்லைக்கு வந்ததும் அவள் நின்றாள். ஒருபுறம் வான்தொடும் பழங்காடு. மறுபுறம் சாந்தெரி வெட்டிய வெளி, அடிக்கட்டைகளும் இளஞ்செடிகளுமாக. இரண்டுக்கும் நடுவே அவன் விட்டுவைத்த முதுமரங்கள், தாடிப்பாசி தொங்க, தவத்தோர்போல் நின்றன.

"இங்க உக்காருவோம்," என்றாள்.

"இங்கயா? இவன் நிலத்துலயா? சாப்பாடு தொண்டையில இறங்காது."

"எனக்குக் கால் வலிக்குது, ஈவோ."

அவள் கால்வலி என்று சொல்லி அவன் கேட்டதில்லை போலும். உடனே உட்கார்ந்தான். காப்பி ஊற்றினாள். எதிரே ஒரு மரத்தின் பட்டை, ஆணி கழன்ற பலகைபோல ஒருபுறம் விலகி நின்றது. நாங்கள் அசையாதிருந்தோம்.

பட்டையின் இடுக்கிலிருந்து அது வெளிப்பட்டது. மரத்தின் நிறமே உயிர்பெற்று ஊர்ந்ததுபோல் பழுப்பு முதுகு, வெண்வயிறு, வளைந்த சிற்றலகு. அடிமரத்தைச் சுற்றிச்சுற்றி மேலேறியது.

ஈவோவின் கோப்பை பாதிவழியில் நின்றது. "மாவ்ரா," என்றான் கிசுகிசுப்பாக. "மரமேறி. அங்க பாரு, மரமேறி!" அவன் முகத்தில் பொங்கிய மகிழ்ச்சிக்கு நான் சொல் அறியேன், காணாமற்போன பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டவனின் முகம் அது. இருநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்தினான்.

குருவி நின்றது. தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தது. பாடியது. கண்ணாடி மணிகளைப் படிக்கட்டில் உருட்டிவிட்டதுபோல் அந்தப் பாட்டு இறங்கி, கடைசிப் படியில் ஒருமுறை துள்ளி நின்றது. மீண்டும் பாடியது. தொண்டையின் வெண்மை துடித்தது.

"ஐயோ," என்றான் ஈவோ. "அதுக்கு என்னமோ ஆயிருக்கு. வாயைத் திறக்குது, சத்தமே வரலை. பாவம், ஊமைக் குருவி."

மாவ்ரா காப்பிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொண்டையில ஏதாவது சிக்கியிருக்குமோ? பாருங்க பாடகரே, மறுபடியும் திறக்குது. முக்கி முக்கிப் பாக்குது..."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு மாவ்ராவைப் பார்த்தான். அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. குருவி மூன்றாம் முறை பாடத் தொடங்க, அவளையும் அறியாமல் அவள் கண்கள் அத்திசைக்குத் திரும்பின. அதை அவன் கண்டான். மீண்டும் இருநோக்கியைத் தூக்கினான்; திறந்த வாயைப் பார்த்தான்; இறக்கினான்.

"உனக்குக் கேக்குது," என்றான்.

"கேக்குது."

"பாடகரே, உங்களுக்கு?"

"கேட்கிறது, ஈவோ."

கோப்பையிலிருந்த காப்பியைப் பாசியில் ஊற்றினான். அது உறிஞ்சப்படும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு நாளா?" என்று கேட்கவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்:

"நல்லாப் பாடுதா?"

"நல்லாப் பாடுது," என்றாள் மாவ்ரா. "கிட்டத்துலதான், ஈவோ. நல்லாவே பாடுது."

அவன் எழுந்தான். வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. வெட்டிய வெளியின் குறுக்கே, அடிக்கட்டைகளைத் தாண்டித்தாண்டி, வளைந்த முழங்காலோடு, சாந்தெரியின் வீட்டை நோக்கி நடக்கலானான். நாங்கள் பின்தொடர்ந்து ஓடவேண்டியிருந்தது.

சாந்தெரி வாசலில் கவிழ்த்த படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். விற்கும் வீட்டின் படகாயினும் ஒழுகக்கூடாது என்ற குணம். எங்களைக் கண்டும் தூரிகையை நிறுத்தவில்லை.

"காட்டைக் கொன்னவன் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா, மச்சான்?"

"உன் மரத்துல மரமேறி கூடு கட்டியிருக்கு," என்றான் ஈவோ.

"தெரியும். ரெண்டு வருஷமா கட்டுது. காலையில அது போடற கச்சேரியில தூங்க முடியலை."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லலை?"

"நீ கேட்டியா? பெஞ்சு முன்னாடி நிக்கவச்சுத் தீர்ப்பு சொன்னே. தீர்ப்புக்கு அப்புறம் சாட்சி எதுக்கு? நான் சொன்னா நம்பியிருப்பியா? பறவைன்னா நீ. நான் ரம்பம்."

"எனக்குக் கேக்கலை, சாந்தெரி."

"என்ன கேக்கலை?"

"அது பாடறது. எனக்குக் காது போச்சு. சன்னமான குரல் எதுவுமே எட்டலை. குருவி போகலைடா. நான்தான்..." கை காதருகே போய், தொடாமல் இறங்கியது.

தார்த்தூரிகை நின்றது. சாந்தெரி நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அவன் முகத்தில் இரக்கம் வருமென நான் எதிர்பார்த்தேன்; வந்தது சினம்.

"காதடைப்பானைப் போடுடான்னு தொண்டை கிழியக் கத்தினேனே! ரம்பத்தைப் பிடிக்கும்போதெல்லாம் கத்தினேனே! என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா?"

ஈவோ தரையைப் பார்த்தான்.

"'அதைப் போட்டா பறவை கேக்காது'ன்னு சொன்னே. ரம்பத்தை அணைச்சதும் எந்தக் குருவி முதல்ல பாடுதுன்னு கேக்கணும், அதுக்காகப் போடமாட்டேன்னு சொன்னே! முட்டாப் பயலே. குழுவே சிரிச்சது. நான் சிரிக்கலை."

"இருக்கு. ஞாபகம் இருக்கு." ஈவோ ஈரத் தொப்பியைக் கழற்றினான். "என்னை மன்னிச்சுடு."

"முடியாது."

"அண்ணே," என்றாள் மாவ்ரா.

"நீ சும்மா இரு. இங்க, படகுக்குப் பின்னாடி, யாருக்கும் தெரியாம வந்து மன்னிப்புக் கேட்டா எனக்கு எதுக்கு அது? கடை வாசல்ல சொன்னான். கடை வாசல்ல வந்து சொல்லட்டும்."

மாவ்ராவின் முகம் வெளுத்தது. கடை வாசலில் சொன்னால் ஊர் அறியும். ஊர் அறிந்தால் கணக்கெடுப்பு ஈவோவின் கையைவிட்டுப் போகும். அது நால்வருக்கும் தெரிந்திருந்தது. சாந்தெரி மீண்டும் தார் பூசத் தொடங்கினான்.

அந்த வாரம் ஈவோவின் வீட்டு ஜன்னலில் ஒரே உருவம் போவதும் வருவதுமாக இருந்தது. விறகைப் பிளந்தான், பிளந்ததையே மீண்டும் பிளந்தான். வலையை எடுத்துப் பிரித்துச் சிக்கலாக்கி வைத்தான். ஆலமரத்தடி ஏதுமில்லாத எங்கள் ஊருக்கு அந்தப் பெஞ்சே மன்றம். அங்கே சனிக்கிழமை காப்பிக்குக் கூட்டம் கூடியபோது, அவன் வந்தான். உட்காரவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். பழங்காட்டுல மரமேறி இருக்கு. எப்பவும் இருந்தது. எனக்குத்தான் காது கேக்கலை. சாந்தெரி மேல நான் சொன்னது தப்பு. குருவிக்கு மரம் விட்டுவச்சவனே அவன்தான். கணக்கெடுப்புக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி இன்னைக்குக் காலையில சொல்லிட்டேன்."

காப்பிக் கரண்டிகள் நின்றன. தேனீ வளர்க்கும் கிழவர் பியோதர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்படின்னா, சீட்டாட்டத்துல நான் உன்னைத் திட்டினது எதுவுமே உனக்குக் கேக்கலையா?"

"உன் குரல் காக்கா குரல், பியோதர். அது நல்லாவே கேக்குது. கேக்காம போயிருந்தா ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்தியிருப்பேன்."

பெஞ்சு சிரித்தது. ஈவோவும் சிரித்தான், சிரிப்பு முடிந்தபின் அவன் முகம் எங்கே தங்குவதென்று தெரியாமல் அலைந்தது. சாந்தெரி அங்கு இல்லை. ஆனால் கொர்பிவாராவில் பெஞ்சில் சொன்ன சொல் மாலைக்குள் எல்லா அடுப்பையும் எட்டிவிடும்.

இலியா திருநாளில் வெயிலும் இடியும் ஒருசேர வந்தன. சிற்றாலயத்தைச் சுற்றிப் பவனி முடிந்து, ஈர உடைகளோடு சபை உள்ளே நெருங்கி நின்றது. மாவ்ரா பெண்கள் பக்கத்திலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடல் தொடங்கியபின் சாந்தெரி வந்தான். கடைசித் தூணுக்குப் போகவில்லை. கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு வந்து ஈவோவின் அருகில் நின்றான். அவனைப் பார்க்கவில்லை. "வீட்டை விக்கலைன்னு நான் இன்னும் சொல்லலை," என்று முன்னால் பார்த்தபடியே உரக்கச் சொன்னான். நான்கைந்து தலைகள் திரும்பின.

பாதிரியார் தூபக்கலசத்தை ஏந்தி இறங்கினார். அதன் சங்கிலிகளில் கோத்த சிறுமணிகள் குலுங்கின; ஒவ்வொரு வீச்சுக்கும் நுண்ணிய பொன்னொலி சபையின்மேல் தூவப்பட்டது. முன்வரிசைத் தலைகள் குனிந்தன. அடுத்த வரிசை குனிந்தது. ஈவோ நிமிர்ந்தே நின்றான். கண்கள் திருவுருவத்தில் இருந்தன. நான் பாடிக்கொண்டே, எப்போதும்போல, புகை அவனை அடையக் காத்திருந்தேன்.

சாந்தெரியின் முழங்கை எழுந்து ஈவோவின் விலாவில் இடித்தது. மெதுவாக அன்று, ஒரு வருடத்துக் கோபமும் அதில் இருந்தது. ஈவோ மூச்சுத் திணறி அவனைப் பார்த்தான். பின், விளங்கிக்கொண்டு, தலை தாழ்த்தினான்.

புகை இன்னும் அவனை வந்து அடைந்திருக்கவில்லை.